அடக்கி வாசித்த ஆல்பம்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க.

சென்னையிலிருந்து வந்திருக்கீங்க, பத்திரிகை. மும்முனையைப் பற்றி எழுத வந்திருக்கீங்க. அவர்களோடுதான் காலையிலிருந்து பேசிவிட்டீர்களே, பின்பக்க ஷெட்டில். இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் வண்டி வரும், போய்விடுவார்கள். என்னிடம் என்ன வேண்டும்? மூன்றாவது ஆல்பத்தில் சத்தம் ஏன் இப்படி மாறிப்போச்சு, அதுதானே? வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள். சொல்கிறேன். சுருக்கமாகத்தான் சொல்லுவேன். எனக்கு வளவளவென்று பேச வராது.

பயம். அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்க.

என்ன, போதாதா? டீ குடிக்கிறீர்களா? துளசிமணி, தம்பிக்கு ஒரு டீ. சர்க்கரை போட்டுக் கொடு, அவருக்கு ஒன்றும் இல்லை.

என் பேர் சென்னியப்பன். வெளியே போர்டு பார்த்திருப்பீர்கள். சென்னியப்பன் ஸ்டாம்பிங்ஸ், கணபதி, கோயம்புத்தூர். மோட்டாருக்குள்ளே அடுக்குகிற தகடு இருக்கிறதே, அதை வெட்டிக் கொடுக்கிற வேலை. நாற்பது டன் பவர் பிரஸ். தகட்டை வைப்போம், பெடலை மிதிப்போம், டம். மறுபடி வை, மிதி, டம். வாழ்க்கை முழுக்க அதுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த மூன்று பேரும் ஷெட்டின் பின்பாதியை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். பிரனேஷ் பாடுகிறவன், கிட்டாரும் அவன்தான். ஜெரால்ட் டிரம்ஸ். தர்ஷினி பேஸ் கிட்டார், தடித்தடியாக நாலு கம்பி. மூன்றும் இஞ்சினியரிங் படித்தது. ஒன்றுகூட அந்த வேலைக்குப் போகவில்லை.

"என்ன மெஷின் ஓட்டப் போறீங்க?" என்றேன்.

"மெஷின் இல்லீங்கய்யா, பேண்டு" என்றான் ஜெரால்ட்.

"கல்யாணத்துக்கு ஊதறதா?"

"இல்லீங்கய்யா. ராக். கொஞ்சம் சத்தம் வருங்க."

நான் பெடலை ஒரு மிதி மிதித்தேன். டம். மூன்று பேரும் ஒரு சாண் எகிறினார்கள். "இதைவிடவா?" என்றேன். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அப்போது பேண்டுக்குப் பேர்கூடக் கிடையாது. என் மீட்டர் பெட்டியில் மும்முனை மின்சாரம் என்று எழுதியிருக்கும். மூன்று பேராச்சே, அதையே பேராக வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு நன்றி சொன்னார்களா? இல்லை. நானும் கேட்கவில்லை.

நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் என் பட்டறையும் வீடும், அந்தப் பக்கம் அவர்கள். கொஞ்ச நாளில் ஜெரால்ட் என் பிரஸ் வேகத்துக்கே அடிக்க ஆரம்பித்தான். ஆசைப்பட்டு இல்லை. வேறு வேகத்தில் அடித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், தலைவலி வரும். அதனால் முதல் ஆல்பம் முழுக்க என் வேகம். 'பிசிறு' என்று பேர். தகடு வெட்டினால் ஓரத்தில் முள் மாதிரி நிற்கும், கையைக் கிழிக்கும், அதுதான் பிசிறு. அந்த வார்த்தையும் என்னுடையதுதான். கேட்டுப் பாருங்க. நான் டீ குடித்துவிட்டு வந்து மிதித்தபோது போட்ட பாட்டு சுறுசுறுப்பாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டதென்றால் கொஞ்சம் தள்ளாடும். இரண்டாவது ஆல்பம் 'இரண்டாம் ஷிப்ட்'. அந்த வருஷம் எனக்கு ஆர்டர் அதிகம். ஓட்டமும் நடையுமாக இருக்கும். பெங்களூரில் அதற்குக் கூட்டம் நாற்காலியை உடைத்ததாம்.

எனக்குப் பாட்டுப் பிடிக்குமா? யார் சொன்னது? பாட்டே பிடிக்காது. ஒரு பாட்டில் பிரனேஷ் 'கம்பி கம்பி' என்று கத்துவான், கழுத்து நரம்பு வெடிக்கும் போலிருக்கும். எந்தக் கம்பி என்று இன்றைக்கு வரை தெரியாது. ஆனால் சத்தம் என்றால் சத்தம் தம்பி. ஏமாற்று வேலை கிடையாது. முழு வேலை செய்தார்கள்.

சரி. போன வருஷம் ஆடி மாசம். ஒருநாள் பிரஸ் மேலேயே சாய்ந்துவிட்டேன். நெஞ்சு. பக்கத்தில் ஆள் இல்லை. ஜெரால்ட்தான் ஓடி வந்து தூக்கினான். வாசித்துக்கொண்டிருந்தவன், குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? டம் நின்றுபோச்சே. நிற்கிற இடம் அது இல்லை என்று அவனுக்குத் தெரியும். மற்றபடி பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் பிரஸ்ஸுக்குப் பூட்டு. சாவி துளசிமணியிடம். துளசிமணி என் வீட்டுக்காரி. இதோ, டீ கொண்டுவந்தாளே, அவள்தான். பார்த்தால் பூனை மாதிரி இருப்பாள்.

இனிமேல்தான் நீங்கள் கேட்டது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பயல்கள் ஓடிப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் கழித்துப் போய் எட்டிப் பார்த்தேன். இருக்கிறார்கள். வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிரம்ஸ் மேல் ஒரு போர்வை கிடக்கிறது. நீலக் கட்டம்.

"இது எங்க வீட்டுப் போர்வையாட்டம் இருக்குது" என்றேன்.

ஜெரால்ட் முழித்தான். "அம்மா குடுத்தாங்கய்யா."

துளசிமணியைக் கேட்டால், "குளுருதுன்னாங்க, குடுத்தேனுங்க" என்கிறாள். ஆவணிப் புழுக்கத்தில் டிரம்ஸுக்குக் குளிராம். சரி, பெண்பிள்ளை, இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பார்க்கிறேன், குச்சியையும் காணோம். ஈர்க்குச்சியைக் கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டு தடவுகிறான். அடிக்கவில்லை தம்பி, தடவுகிறான். வாசல் கூட்டுகிற சத்தம்தான் வரும். பிரனேஷ் கத்துவதை விட்டுவிட்டான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துவீட்டுக் குழந்தை எழுந்துவிடுமோ என்கிற மாதிரி முனகுகிறான். தர்ஷினி ஒரு கம்பியைத் தட்டுவாள், அடுத்த கம்பியைத் தட்டுவதற்குள் நான் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துவிடலாம்.

ஏன் என்று யோசித்தேன். ஜெரால்டுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாயிருந்தது. அது ஒரு காரணம். பிரனேஷ் கறி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான், அது இன்னொன்று. ஆனால் முக்கியமானது பயம்தான். இரண்டு ஆல்பம் நன்றாகப் போய்விட்டது. மூன்றாவது விழுந்துவிடுமோ என்று கைகால் உதறிவிட்டது. புதிதாகப் பட்டறை வைக்கிறவன் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு இப்படித்தான் பம்முவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

இதில் துளசிமணி வேறு. தினமும் சுண்டல், பயறு என்று எதையாவது தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். நான் போனால் நாலு பேரும் கப்சிப். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவள் நடுவில் நின்றுகொண்டு கையை இப்படி, தரையைப் பார்த்துத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுகிறாள். அவர்கள் தலையாட்டுகிறார்கள். "என்ன அங்க பாடம் நடத்தற?" என்றேன். "தர்ஷினி கோலம் போடக் கேட்டாளுங்க, புள்ளி வெக்கறது காட்டுனேன்" என்றாள். வேலை நேரத்தில் கோலம். விளங்குமா?

எனக்குப் பொறுக்கவில்லை. சுவரைத் தட்டினேன். மற்ற வீட்டுக்காரன் எல்லாம் சத்தத்தைக் குறை என்று தட்டுவான். நான் கூட்டு என்று தட்டினேன். தட்டினவுடனே இன்னும் குறைத்தார்கள். இரண்டு தட்டு தட்டினேன், இன்னும் குறைந்தது. ஓங்கி நாலு போட்டேன், அடியோடு நிறுத்திவிட்டார்கள். திமிரைப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகை முழுக்க இதே கதை. நான் தட்டத் தட்ட அவர்கள் அடங்க அடங்க, கடைசியில் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அவர்களைவிடச் சத்தமாக ஓடியது.

தை மாசம் ரெக்கார்டிங். சென்னையிலிருந்து ஓர் ஆள் மைக்கெல்லாம் கொண்டுவந்து ஷெட்டிலேயே கட்டினான். நான் சுவருக்கு இந்தப் பக்கம், பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பாட்டு பொறுத்தேன். நாலாவது ஆரம்பித்தது. நிற்கிறது, ஆரம்பிக்கிறது, நிற்கிறது. பிடி கிடைக்காமல் தடுமாறுகிறார்கள். எனக்குப் புரிந்துபோச்சு. பிரஸ் இல்லாமல் இவர்களுக்கு வேகம் தெரியவில்லை, பாவம். பழக்கம் அப்படி.

துளசிமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அரிசி டின்னில். எடுத்தேன். பூட்டைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டேன். பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றி ஏறியது. தகடெல்லாம் வைக்கவில்லை, கனம் தூக்கக்கூடாதே, சொன்ன பேச்சைக் கேட்கிறவன் நான். சும்மா மிதித்தேன். டம். விட்டு, டம்.

அந்தப் பக்கம் வாசிப்பு நின்றுபோச்சு. நான் விடவில்லை. டம். டம். ஐந்தாவதோ ஆறாவதோ, தர்ஷினி அந்தத் தடிக்கம்பியைத் தட்டினாள். சரியாக என் மிதி மேல். அப்புறம் ஜெரால்ட் வந்து சேர்ந்தான், ஈர்க்குச்சியோடுதான், பரவாயில்லை. அப்புறம் பிரனேஷ் வாயைத் திறந்தான்.

நன்றாக இருந்தது. பாட்டுப் பிடிக்காது என்று சொன்னேனே. நன்றாக இருந்தது.

முழுப் பாட்டும் மிதித்தேன். முடிகிற சமயம் துளசிமணி வந்துவிட்டாள். சர்க்கரைப் பையைக் கீழே போட்டுவிட்டு நேராக மெயினை இழுத்தாள். வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழுகிறாள். மூன்று பேரும் ஓடி வந்தார்கள். ரெக்கார்டிங்கைக் கெடுத்துவிட்டேன், சண்டைக்கு வருகிறார்கள் என்று நானும் தயாராக எழுந்து நின்றேன். ஜெரால்ட் வந்து என் கையைப் பிடித்து நாடி பார்க்கிறான். டிரம்ஸ் அடிக்கிறவன் நாடி பார்க்கிறான். "விடுடா" என்றேன். விடவில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டே நின்றான்.

அந்தப் பாட்டை அப்படியே ஆல்பத்தில் வைத்துவிட்டார்கள். ஏதோ பத்திரிகையில் எழுதியிருந்தார்கள், 'நாலாவது பாட்டு நெடுக ஒரு இதயத் துடிப்பு' என்று. உங்களுடையதா? தம்பி, அது இதயம் இல்லை. நாற்பது டன் பிரஸ். திருத்தம் போடுங்க.

ஆல்பத்துக்குப் பேர் 'ஓய்வு நாள்'. வெளியே வந்தது. ஆகா ஓகோ என்கிறார்கள். பக்குவம் வந்துவிட்டதாம். மௌனத்தை வாசிக்கிறார்களாம். வாசிக்காமல் இருந்தால் மௌனமாகத்தானே இருக்கும்? இதற்கு எதற்குக் கிட்டார்?

போன வாரம் பிரனேஷ் வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான்.

"சார், சூலூர்ப் பக்கம் ஒரு பழைய கோழிப்பண்ணை பாத்திருக்கோம். அங்க போயிடலாம்னு."

"ஏன், இங்க என்ன?"

"ஒரு வருசமாச்சு சார். கையெல்லாம் அரிக்குது. பழையபடி கத்தணும் போல இருக்கு."

"இங்க கத்து. யார் வேண்டாம்னாங்க?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே துளசிமணி நிற்கிற பக்கம் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "இல்லீங்க சார், அது சரிப்படாது" என்றான். போய்விட்டான்.

பாருங்க. கத்தவேண்டுமாம், ஆனால் இங்கே சரிப்படாதாம். கோழிப்பண்ணையில் சரிப்படுமாம். ஏழு வருஷம் இதே சுவர், இதே மனுஷன். நன்றி கெட்டதுகள்.

போகட்டும். எனக்கு என்ன. ஷெட் சும்மா கிடந்தால் எலி வரும், அதுதான். பிரஸ்ஸும் ஓடவில்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை என்றால் நான் காலையில் எழுந்து எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது? துளசிமணியின் சீரியலையா? நீங்கள் ஒன்று செய்யுங்க தம்பி. படித்தவர், உங்கள் பேச்சை மதிப்பார்கள். போய்ச் சொல்லுங்க. நான் சொன்னதாக வேண்டாம், பத்திரிகைக்காரர் அபிப்பிராயம் மாதிரி. இங்கேயே இருந்து, பழையபடி, கூரைத்தகரம் அதிர அடிக்கச் சொல்லுங்க. வண்டி வருவதற்குள் சொல்லுங்க.

என்ன சிரிக்கிறீர்கள்?

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க.

யார் சொன்னது, தர்ஷினியா? என் நெஞ்சுக்காகவா?

டாக்டர் சத்தம் ஆகாது என்றாரா? எனக்குச் சத்தம் ஆகாதா? என்னிடம் யாரும் சொல்லவில்லையே. நீங்கள் தப்பாகக் கேட்டிருப்பீர்கள். இருங்க.

"துளசிமணி. அடுப்பை அணைச்சிட்டு இங்க வா."

"என்னுங்?"

"இந்தத் தம்பி சொல்றது நெசமா? எனக்குச் சத்தம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"அதுங்… டென்சன் ஆகக்கூடாதுன்னாருங்க. கனம் தூக்கக்கூடாது, அதிர்ச்சி ஆகக்கூடாதுன்னாரு."

"சத்தம்?"

"சத்தம்னா அதிர்ச்சிதானுங்களே."

"அவரு சொன்னாரா, நீ சேத்தியா?"

"நாந்தானுங்க சேத்தேன்."

கேட்டீர்களா. பக்குவம், மௌனம் என்று ஊரெல்லாம் எழுதுகிறீர்களே. துளசிமணி சேர்த்தது அது. எழுதிக்கொள்ளுங்க. இல்லை, வேண்டாம், எழுதாதீங்க.

"ஒரு வருசமா என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே புள்ள நீ."

"சொன்னா கேப்பீங்களா? எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா அடிங்கடான்னு நீங்களே போய் நிப்பீங்க. அதான் பசங்ககிட்ட, அய்யாவுக்குத் தெரியாமப் பாத்துக்கங்கன்னு கும்புட்டுக் கேட்டுக்கிட்டேன். நீங்க அடிக்கொரு தரம் சொவத்தத் தட்டறப்ப எல்லாம், ஐயோ தாங்க முடியாமத் தட்டறாருன்னு அதுக பயந்து செத்துச்சுங்க. ஜெரால்டு அந்தப் போர்வை மேல இன்னொரு போர்வை கேட்டு வாங்கிட்டுப் போனான்."

"நான் கூட்டச் சொல்லித் தட்டுனேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்? ஆறு மாசத்துல வாங்க, டிரெட்மில்லுங்கற ஓடற மெஷின் மேல ஓட விட்டு நெஞ்சப் பாத்துட்டு, எது செய்யலாம், எது கூடாதுன்னு சொல்றேன்னாரு டாக்டரு. நீங்க போனீங்களா?"

"வேலை இருந்துது."

"என்ன வேலை? சொவத்தத் தட்டற வேலை. நீங்க வந்தாத்தானே நானும் அவருகிட்ட சத்தத்தப் பத்திக் கேக்க முடியும்? அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க கெடந்த கெடையப் பாத்தவ நான். மறுபடி பாக்கச் சொல்றீங்களா?"

கொஞ்சம் தண்ணீர் எடுங்க தம்பி. அந்தச் சொம்பு. போதும்.

அதுகள் ஒரு வருஷம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்காக. நான் சுவரை இடித்திருக்கிறேன். நாலாவது பாட்டு நின்று நின்று போனதுகூட, நான் இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்ற பயத்தில்தான் போல. சரி. விடுங்க. அதைப் பேசி என்ன.

வண்டி எத்தனை மணிக்கு? நாலுக்கா? இப்போது என்ன, பதினொன்றா. தம்பி, நீங்கள் காரில்தானே வந்தீங்க? திரும்ப ஏர்போர்ட்தானே? ஆஸ்பத்திரி அவிநாசி ரோட்டிலேயே இருக்கிறது, சுற்று இல்லை. வாசலில் இறக்கிவிட்டால் போதும். மிச்சக் கேள்வியைப் போகும்போது கேளுங்க, சுருக்கமாகக் கேளுங்க.

"இப்பப் போனா டோக்கன் கெடைக்காதுங்க."

"கெடைக்கும். இல்லாட்டி அங்கயே உக்காந்துக்கறேன். நீயும் கெளம்பு. டாக்டர் சொல்றத உன்ற காதுல வாங்கிக்க. எதையும் சேத்தாத."

"செருப்போட ஓட விடமாட்டாங்களே. உங்களுக்கு ஷூ ஏது?"

அதுவும் சரிதான். நான் ஏது ஷூ போட்டேன், பட்டறைக்காரன். இருங்க, ஜன்னலைத் திறக்கிறேன்.

"டேய் ஜெரால்டு. கட்டறத நிறுத்திட்டு இங்க வா. ஓடி வராத, எனக்கு ஒண்ணும் ஆகலை, நடந்து வா. கால் சைஸ் என்ன உனக்கு? எட்டா? கழட்டு. ஷூவைக் கழட்டுடா. எதுக்குன்னு வந்து சொல்றேன். வண்டிக்காரனுக்குப் போன் போட்டு இன்னைக்கு வேண்டாம்னு சொல்லு. பிரனேஷ்கிட்ட நான் சொல்லிக்கறேன். போர்வையெல்லாம் எடுத்து எங்க வீட்டுல போடச் சொல்லு தர்ஷினிகிட்ட. டாக்டர் முடியாதுன்னாருன்னா நீங்க கோழிப்பண்ணைக்குப் போங்க, நானும் ஸ்டூலத் தூக்கிட்டு வந்து தூரமா உக்காந்துக்கறேன். சரின்னாருன்னா… பாப்பம். மொதல்ல இதை மாட்டி விடு, எனக்குக் குனிய வராது. இழுத்துக் கட்டுடா. நடக்கப் போகலை, ஓடப் போறேன்."